ஒத்தை ஆளை நம்பி ஏழு பேர் ஆட்டமா?

புரோ கபடி ஏலம் முடிந்த மறுநாள் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் ஒரே பேச்சுதான். "தலைவாஸ் யாரை எடுத்தாங்க? எவ்வளவுக்கு எடுத்தாங்க?" தேனி பஸ்சுக்குக் காத்து நிற்கிறவர், பூ மார்க்கெட்டில் கணக்கு முடித்து வருகிறவர், பெட்டிக்கடைக்காரர், ஆபீஸ் குமாஸ்தா... ஆளுக்கொரு லிஸ்ட் வைத்திருப்பார்கள். "இந்தத் தடவை கப் நமக்குத்தான்" என்று அடித்துச் சொல்வார்கள். சீசன் முடியும்போது அதே ஆட்கள் கபடி என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள்.

ரசிகர்கள் மேல் தப்பில்லை. ஏலத்தன்று தமிழ் தலைவாஸ் லிஸ்ட் பெரும்பாலும் நல்ல லிஸ்டாகத்தான் தெரிகிறது. மேட்டில் இறங்கிய பிறகுதான் சாயம் வெளுக்கிறது!

எட்டு சீசன், ஒரே ஒரு தடவை

2017-ல் தலைவாஸ் களத்துக்கு வந்தது. சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர், கமல்ஹாசன் விளம்பரத் தூதர், அஜய் தாக்கூர் கேப்டன். ஆரவாரத்துக்குக் குறைவே இல்லை. அந்த வருஷம் தன் பிரிவில் கடைசி இடம். 2018-லும் பிரிவில் கடைசி.

2019-ல் வந்த லிஸ்டைப் பார்த்து மற்ற அணிகளே வாயைப் பிளந்தன. அஜய் தாக்கூர், ராகுல் சவுத்ரி, மஞ்சித் சில்லார், மோஹித் சில்லார். ஒவ்வொருவரும் இந்தியாவுக்கு ஆடியவர். முடிவு? 22 ஆட்டத்தில் 4 வெற்றி. 12 அணிகளில் 12-வது இடம்!

2021-22 சீசனில் 11-வது இடம். 2023-24-ல் 9-வது. 2024-ல் சச்சின் தன்வாரை 2 கோடியே 15 லட்சம் கொடுத்து எடுத்தார்கள். அந்த ஏலத்திலேயே அதுதான் பெரிய தொகை. கிடைத்தது மறுபடியும் 9-வது இடம்.

2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல், பவன் செராவத்துக்கு 59 லட்சத்து 50 ஆயிரம். ரெய்டுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது என்று ஊரே சொன்னது. சீசன் நடுவிலேயே கேப்டன் பவன் அணியை விட்டுப் போனார். ஒழுங்கு நடவடிக்கை என்றது நிர்வாகம். அப்படியில்லை என்றார் அவர். யார் சொல்வது சரியோ, அடிபட்டது அணி. 12-ல் 8 அணிக்கு அடுத்த சுற்று உண்டு என்ற சலுகை இருந்தும் தலைவாஸுக்கு இடம் கிடைக்கவில்லை.

எட்டு சீசனில் பிளே-ஆஃப் கண்டது ஒரே ஒரு தடவை, 2022-ல். அந்த வருஷம் என்ன நடந்தது என்று புரிந்தால், ஆள் எடுக்கிற பாடமும் புரியும்.

2022 சொன்ன பாடம்

அந்த ஏலத்தில் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை கபடி கண்டிராத விலை. முதல் ஆட்டம், குஜராத்துடன். பவன் முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். சீசன் முழுக்கத் திரும்பவில்லை. "போச்சு, முடிஞ்சது கதை" என்று எல்லோரும் டி.வி.யை அணைத்தார்கள்.

ஆனால் கதை அப்புறம்தான் ஆரம்பித்தது. நரேந்தர் என்கிற புதுப் பையன். அதற்கு முன் புரோ கபடியில் ஆடாதவர். அந்த ஒரே சீசனில் 243 ரெய்டு பாயிண்ட் குவித்தார். கூடவே அஜிங்க்யா பவார் கை கொடுத்தார். கார்னரில் சாகர், சாஹில் குலியா, கவரில் எம்.அபிஷேக். நடுவில் பயிற்சியாளராக வந்த அசன்குமார் இந்தப் பையன்களை ஒரு கட்டாகக் கட்டினார். லீகில் 5-வது இடம். எலிமினேட்டரில் உத்தரப்பிரதேச அணியை டை-பிரேக்கரில் வீழ்த்தி அரையிறுதி. அங்கே புனே அணியிடம் 37-39 என்று வெறும் இரண்டு பாயிண்டில் தோல்வி. தோற்றும் தலைநிமிர்ந்து வந்த வருஷம் அது!

அவுட்டான ஆளை மீட்பது யார்?

கபடி தெரிந்தவனுக்கு இதில் மர்மம் ஒன்றுமில்லை. இந்த ஆட்டத்தில் அவுட்டானவன் வெளியே உட்கார வேண்டும். கூட்டாளி ஒருவன் பாயிண்ட் எடுத்தால்தான் திரும்ப உள்ளே வரமுடியும். கோடி ரூபாய் ரைடரையும் இரண்டு கார்னரும் சேர்ந்து ஒரு பிடி போட்டால் அவரும் வெளியேதான். அவரை மீட்டுக் கொண்டுவர இரண்டாவது ரைடர் வேண்டும். எதிராளியை மடக்கிப்போடத் தடுப்பு ஆட்டக்காரர்கள் வேண்டும். அந்த ஆட்கள் சரியில்லை என்றால் 40 நிமிஷ ஆட்டத்தில் பாதி நேரம் கோடி ரூபாய் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

தடுப்பு என்பதும் தனி ஆள் வித்தை இல்லை. இடது கார்னர் காலைப் பிடித்த கணத்தில் பக்கத்துக் கவர் வந்து மோதவேண்டும். அரை வினாடி பிந்தினால் ரைடர் கோட்டைத் தொட்டுவிடுவான். அந்த ஒத்திசைவு ஏலத்தில் விற்பதில்லை. இரண்டு மூன்று சீசன் கூடவே ஆடினால்தான் வரும்.

தலைவாஸில் அப்படிக் கூடவே இருக்க விடுகிறார்களா? பயிற்சியாளர் வரிசையைப் பாருங்கள். கே.பாஸ்கரன், எடச்சேரி பாஸ்கரன், உதயகுமார், அசன்குமார், மறுபடியும் உதயகுமாரோடு சேரலாதன், அப்புறம் சஞ்சீவ் பாலியான். எட்டு சீசனுக்குள் இத்தனை மாற்றம்! இத்தனை வாத்தியார் மாறினால் எந்தப் பையன் பாஸாவான்?

"ஸ்டார் இல்லைன்னா கூட்டம் வருமா, விளம்பரம் வருமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஸ்டாரே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வருஷா வருஷம் தோற்கிற அணிக்கு எந்த ஸ்டார் கூட்டம் சேர்ப்பார்? 2022-ல் நரேந்தர் ஆடியபோது கூட்டம் தானாக வந்தது.

உள்ளூர்ப் பையன் எங்கே?

மாட்டுப் பொங்கல், கோயில் திருவிழா என்றால் உசிலம்பட்டி, செல்லம்பட்டி, எழுமலை வட்டாரத்தில் கபடி இல்லாமல் முடியாது. டியூப் லைட் வெளிச்சத்தில் விடிய விடிய ஆட்டம் நடக்கும். அந்தப் பையன்களுக்கு தமிழ் தலைவாஸ் என்கிற பெயர் வெறும் டி.வி. நிகழ்ச்சி இல்லை. போலீஸ் வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பி ஓடுகிறவனுக்கு, மேலே போக இன்னொரு கதவு அது.

தமிழ்நாட்டில் ஆள் பஞ்சமா என்ன? மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்று 1995-ல் அர்ஜுனா விருது பெற்றார். தஞ்சாவூர்ச் சீமையின் தர்மராஜ் சேரலாதன் 2016-ல் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து கப் வாங்கிக் கொடுத்தார். பிரபஞ்சன் 2017-ல் தலைவாஸுக்குத்தான் ஆடினார். தக்கவைக்காமல் விட்டார்கள். 2019-ல் பெங்கால் அணி கப் அடித்தபோது அவர் அந்த அணியில் இருந்தார்! 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியா வாங்கிய கபடித் தங்கத்தில் வடுவூர் அபினேஷுக்கும் கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் பங்கு உண்டு.

ஒரு விஷயத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மண்தரையில் ஆடிப் பழகியவனை நேராக மேட்டில் ஷூ மாட்டி இறக்கினால் கால் வழுக்கும். 30 வினாடிக் கணக்கு, மூன்றாவது ரெய்டில் பாயிண்ட் எடுத்தே தீரவேண்டும் என்கிற கட்டாயம், 85 கிலோ எடை வரம்பு... இதெல்லாம் பழக ஒன்றிரண்டு வருஷம் ஆகும். தமிழ்ப் பையன் என்பதற்காக மட்டும் இடம் கொடுத்தால் அதுவும் அவனுக்குச் செய்கிற துரோகம்தான். பழக்கிக் கொடுத்து எடுக்கவேண்டும். ஏலத்துக்கு வெளியே புது இளைஞர்களைச் சேர்க்க விதியிலேயே வழி இருக்கிறது. அந்த வழியை மதுரை, தேனி, தஞ்சாவூர், தூத்துக்குடி மைதானங்கள் பக்கம் திருப்ப நிர்வாகத்துக்கு என்ன தடை?

செய்யவேண்டியது என்ன?

அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கும்போது நிர்வாகம் மூன்று கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளட்டும். முதல் ரைடர் அவுட்டானால் மீட்கப்போவது யார்? இரண்டு கார்னரும் சேர்ந்து எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறார்கள்? பயிற்சியாளருக்கு மூன்று சீசன் உறுதி உண்டா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் ஸ்டாருக்குக் கொடுக்கிற கோடிக்கும் அர்த்தம் இருக்கும்.

ரசிகர்களும் லிஸ்ட் வந்ததும் விலையைத் தேடுவதை விட்டு, ஏழாவது ஆள் யார், எட்டாவது ஆள் யார் என்று கேட்கப் பழகவேண்டும். வாடிக்கையாளர் தராசைப் பார்த்தால்தான் கடைக்காரர் எடையைச் சரியாகப் போடுவார்!