திருநெல்வேலி கெஜட்டியர்: யார் எழுதிய கணக்கு?

ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை யார் எழுதுகிறார்கள்? நிர்வாகம்தான். அதனால் அது பொய் என்று ஆகிவிடாது. ஆனால் தணிக்கை செய்யாமல் அதை அப்படியே நம்புவது புத்திசாலித்தனமும் அல்ல. 1917-ல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்ட கெஜட்டியரையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

இதைத் தொகுத்தவர் எச்.ஆர். பேட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. அன்று தூத்துக்குடி தனி மாவட்டம் கிடையாது. அது 1986-ல்தான் பிரிந்தது. ஆகவே ஆதிச்சநல்லூர், கொற்கை, தூத்துக்குடி எல்லாமே திருநெல்வேலிக்குள் அடக்கம். மண், மழை, பாசனம், மக்கள், தொழில், போக்குவரத்து, கல்வி, நிலவரி என்று மாவட்டத்தின் சகல விஷயங்களையும் ஒரே நூலில் அடக்குவதுதான் கெஜட்டியர். ஒரு வட்டாரத்தின் கலைக்களஞ்சியம் என்றே சொல்லலாம். இதற்கு முன்பே 1879-ல் ஸ்டூவர்ட்டின் மாவட்டக் கையேடும், 1881-ல் கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறும் வந்துவிட்டன.

இந்த உழைப்பு சாதாரணமானதல்ல. நூறு வருடத்துக்கு முந்தைய குளங்களையும் சாலைகளையும் பற்றி இன்று ஆராய்ச்சி செய்பவர்கள் இந்த நூலைத்தான் தேடிப் போகிறார்கள். ஆனால் இது யாருக்காக எழுதப்பட்டது? ஊர்க்காரர்களுக்காக அல்ல. புதிதாக மாற்றலாகி வரும் கலெக்டருக்காக. வரி எங்கே கிடைக்கும், பிரச்சனை எங்கே வரும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எழுதியவர் பார்வை முழுவதும் அந்த நாற்காலியிலிருந்துதான்.

முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். கரைக்கு வந்த சிப்பிகள் மூன்று பங்காகப் பிரிக்கப்பட்டன. இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு கடலில் மூழ்கியவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போனது. அரசுக் கணக்கில் இது வருவாய். மூச்சை அடக்கிக் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கியவனின் கணக்கில்? அவன் போட்ட முதலீடு அவன் உயிர். எந்தப் பேரேட்டிலும் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கப்படவில்லை.

துறைமுகத்தின் கதையும் இதேதான். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். எதிரில் நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து அதை நசுக்கப் பார்த்தது. 1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தம், அடுத்து வ.உ.சி. கைது. ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்தால் தூத்துக்குடி 'வளர்ந்தது' என்றுதான் தெரியும். யாரை விழுத்தாட்டி வளர்ந்தது என்பது தெரியாது.

அப்படியானால் வெள்ளைக்காரன் எழுதியதைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. இங்கே ஆதிச்சநல்லூர் ஒரு பாடம் சொல்கிறது. 1876-ல் ஜெர்மானியரான யாகோர் தோண்டி எடுத்த பொருட்கள் பெர்லினுக்குப் போயின. பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டினார். தான் எடுத்த பொருட்களின் பட்டியலை 1915-ல் நூலாக வெளியிட்டார். பொருட்கள் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. ஊருக்கு எதுவும் மிஞ்சவில்லை என்பது உண்மை. ஆனால் பட்டியலாவது இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் 2004, 2005-ல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அதன் அறிக்கை ஆண்டுக்கணக்கில் வெளிவரவில்லை. விஷயம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. அங்கிருந்த பொருட்களின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்ற தகவலே 2019-ல்தான் நீதிமன்றத்தின் வழியாகத் தெரியவந்தது. அந்நியன் பத்து வருடத்தில் கணக்குக் காட்டினான். சொந்த அரசிடம் கணக்குக் கேட்க வழக்குப் போட வேண்டியிருந்தது. வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

2023-ல் ஆதிச்சநல்லூரிலேயே, தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி போட்டுக் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் காட்சிக்கூடம் மட்டும் போதாது. மாவட்டத்தின் கதையை அந்த மாவட்டத்துக்காரர்களே தமிழில் எழுத வேண்டும். இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை. தூத்துக்குடியைச் சுற்றி இத்தனை கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு கல்லூரி சில ஊர்களைத் தத்தெடுக்கலாம். வரலாறு படிப்பவன் கல்வெட்டையும், வணிகவியல் படிப்பவன் உப்பளக் கூலியையும் சங்கு வியாபாரத்தையும் எழுதட்டும். முத்துக்குளித்த தலைமுறையில் எஞ்சியிருக்கும் முதியவர்களிடம் இப்போதே பேச வேண்டும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்று அறுபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

பேட் எழுதியது நிர்வாகத்தின் அறிக்கை. தொழிலாளியின் கணக்கு இன்னும் எழுதப்படவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் இந்த மண் அடைந்தது லாபமா நஷ்டமா என்று சொல்ல முடியும்.