வழிகாட்டியில்லா வரலாறு

கல் தானாகப் பேசுவதில்லை. ஈராயிரத்தைந்நூறு ஆண்டுகள் மண்ணுள் கிடந்த தாழியும் தானாக வாய் திறப்பதில்லை. அவற்றின் அருகே நின்று, இது இன்னது, இதனை ஆக்கியோர் இன்னார் என எடுத்துரைக்க ஒருவன் வேண்டும். அவன் அம் மண்ணின் மகனாகவும், உரைப்பது அம் மண்ணின் மொழியாகவும் இருத்தல் வேண்டும். இவ் விரண்டும் இல்லாத இடத்தில் பழஞ்சின்னம் வெறுங்கல், அருவி வெறுங்குளியல், சுற்றுலா வெறும் ஊர்சுற்றல். திண்டுக்கல் மாவட்டம் இன்று அந்நிலையில்தான் இருக்கின்றது.

சுற்றுலாவில் மொழிக்கு என்ன வேலை என்று கேட்போர் உளர். அவர்கட்குக் கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு விடை கூறும்.

மெக்சிகோ நாட்டின் தென்கிழக்கே யூகாத்தான் என்னும் நிலக்கூறு கடலுள் நீண்டு கிடக்கின்றது. மாயா மக்கள் அங்கே எழுப்பிய சிச்சேன் இட்சா என்னும் பழநகரின் இடிபாடுகளைக் காண நாடோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றனர். காலையிற் புறப்பட்டு மாலையில் மீளும் ஒருநாட் சுற்றுலா அது. வழிகாட்டி ஒருவன் உடன் செல்கின்றான். நாற்புறமும் பக்கத்திற்குத் தொண்ணூற்றொரு படிகளும் உச்சியில் ஒரு படியுமாக, ஆண்டின் நாட்களைப் போல் 365 படிகள் அமைந்த கூம்படுக்குக் கோயிலை அவன் காட்டுகின்றான். அதன்முன் நின்று கைதட்டினால் பறவைக் குரல் போன்ற எதிரொலி எழுவதைக் கேட்கச் செய்கின்றான். பின்னர், வெயிலில் வாடிய கூட்டத்தை இயற்கையாய் அமைந்த நீர்க்குழி ஒன்றிற்கு அழைத்துச் சென்று நீந்தவிடுகின்றான்.

அந் நீர்க்குழிகள் அந் நிலத்தின் தனிச்சிறப்பு. யூகாத்தானின் வடபகுதியில் நிலத்தின்மேல் ஓடும் ஆறுகள் இல்லையென்றே கூறலாம். மழைநீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்து உள்ளிறங்கி, அடியில் பெருமுழைகளாய் ஓடுகின்றது. மேற்கூரை இடிந்து விழுந்த இடங்களில் அந்நீர் கண்ணிற்குப் புலனாகின்றது. மாயா மக்கள் குடித்ததும், பயிர் வளர்த்ததும், வழிபட்டதும் அந்நீரையே. சிச்சேன் இட்சா என்னும் பெயரின் பொருளே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்பதாம்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. அந்நீர்க்குழியை இன்று உலகம் முழுதும் 'செனோத்தே' என்று அழைக்கின்றது. அஃது இசுப்பானியச் சொல்லன்று. 'சோனோட்டு' என்னும் மாயாச் சொல்லின் திரிபு. வென்றவன் தோற்றவனின் நிலத்தைப் பறித்தான், கோயிலை இடித்தான், 1562ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரில் தியேகோ தெ இலாந்தா என்னும் துறவி மாயா நூல்களைக் குவித்து எரியூட்டினான். இன்று எஞ்சியுள்ள மாயா ஏடுகள் நான்கே. ஆயினும் நீரைக் குறித்த அச்சொல்லை எரிக்க இயலவில்லை. அந் நிலத்தின் நீரைச் சுட்ட வென்றவனிடம் சொல் இல்லை. ஆகவே, தோற்றவனிடம் கடன் வாங்கினான். அக்கடன் இன்றளவும் தீரவில்லை. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மெக்சிகோவில் ஏழரை நூறாயிரத்திற்கு மேற்பட்டோர் யூகாத்தான் மாயா மொழியைப் பேசுகின்றனர். தொல்குடி மொழிகளுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் அந்நாட்டில் இயற்றப்பட்டது. நீர்க்குழிகள் பலவற்றை அவ்வவ்வூர்ப் பொதுநிலக் குழுக்களே காத்துக் கட்டணம் பெறுகின்றன. நீரில் இறங்குமுன் உடலைக் கழுவுதல் வேண்டும். மிதவைச் சட்டை அணிதல் வேண்டும் என்னும் நெறிகளும் பல இடங்களில் உள.

அங்கு எல்லாம் நன்றே நடக்கின்றது என்பதன்று. எட்வர்டு தாம்சன் என்னும் அமெரிக்கன் 1904 முதற்கொண்டு சிச்சேன் இட்சாவின் தூய கிணற்றைத் தூர்வாரி, அதனுட் கிடந்த பொன்னையும் பச்சைக்கல்லையும் ஆர்வர்டுப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திற்கு அனுப்பினான். அவற்றுள் ஒரு பகுதியே பின்னர் மீண்டது. 2023ஆம் ஆண்டிறுதியில் ஓடத் தொடங்கிய 'மாயாத் தொடர்வண்டி'க்கென நட்ட தூண்கள் அடிநில முழைகளைத் துளைத்தன என்று அந்நாட்டு ஆய்வாளரே கொதித்தெழுந்தனர். வழிகாட்டிகளுட் பலர் ஆங்கிலத்திலும் இசுப்பானியத்திலுமே பேசுகின்றனர். மாயாப் பெண்டிர் பலர்க்கு உணவு விடுதியில் தட்டுக் கழுவும் வேலையே கிட்டுகின்றது. சுற்றுலா என்பது காப்பதற்கும் கருவி, அழிப்பதற்கும் கருவி. அக்கருவி எவன் கையில் உள்ளது என்பதே வினா.

இனித் திண்டுக்கல்லுக்கு வருவோர், அத்தகைய ஒருநாட் சுற்றுலாவிற்கு வேண்டிய அனைத்தும் இங்கே ஒரே சாலையில் அமைந்திருத்தலைக் காணலாம்.

காலைக்குத் திண்டுக்கல் மலைக்கோட்டை. திண்டு போலக் கிடந்த பாறையே ஊர்க்குப் பெயர் தந்தது என்பர். மதுரை நாயக்கர் காலத்தில் 1605ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய இக்கோட்டையை 1755இல் மைசூர்ப் படைத்தலைவனாய் வந்த ஐதரலி தன் வளர்ச்சிக்குப் படிக்கல்லாக்கிக் கொண்டான். 1790இல் ஆங்கிலேயர் பீரங்கி கொண்டு தாக்கிக் கைப்பற்றினர். 1792 உடன்படிக்கையால் அஃது அவர்க்கே உரியதாயிற்று. கோட்டையுள் சுனைகளும், உச்சியில் வழிபாடற்ற கோயிலும் உள்ளன. இன்று அது நடுவணரசுத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. மலையடியில் நுழைவுச் சீட்டுக் கிடைக்கின்றது. ஆனால், ஏறுவோனுடன் ஏறி, பாறையில் வெட்டிய சுனை எப்படி ஒரு படையின் உயிரைக் காத்தது என்று சொல்லும் ஆள் கிடைப்பதரிது.

நண்பகலுக்கு விருப்பாட்சி. திண்டுக்கல்லினின்று பழனி செல்லும் சாலையில், ஒட்டன்சத்திரத்திற்கு அப்பால் உள்ளது இவ்வூர். 1772இல் கணவனை இழந்து நாட்டையும் இழந்த வேலுநாச்சியார் அடைக்கலம் பெற்றது இப்பாளையத்தில்தான். எட்டாண்டுகள் காத்திருந்து, ஐதரலியின் துணையும் பெற்று, 1780இல் சிவகங்கையை அவர் மீட்டார். அவர்க்கு இடமளித்த கோபாலர் ஆங்கிலேயரை எதிர்த்தமையால் 1801இல் தூக்கிலிடப்பட்டார். அவ்வூர்க்கு அணித்தே, நங்காஞ்சியாறு பாறையினின்று விழும் தலையூற்று அருவி உள்ளது. மழைக்காலத்தில் அங்கே குளிக்கவும் நீந்தவும் கூட்டம் சேர்கின்றது. குளித்துத் துவட்டித் திரும்பும் இளைஞருள் எத்தனை பேர் அம்மண்ணின் ஈகத்தை அறிந்து திரும்புகின்றனர்?

பிற்பகலுக்குப் பொருந்தல். பழனிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 12 கல்மீட்டர் தொலைவில், மலையடியில், பொருந்தலாற்றங்கரையில் உள்ள சிற்றூர். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009, 2010ஆம் ஆண்டுகளில் இங்கே அகழாய்வு நடத்தினார். ஓர் ஈமக்குழியில் நான்கு கால்களையுடைய சாடி ஒன்று கிடைத்தது. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அக்குழியில் இருந்த கலந்தாங்கி ஒன்றில் 'வய்ர' என்னும் தமிழி எழுத்துப் பொறிப்பும் காணப்பட்டது. அந்நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் கரிமக் கணிப்பிற்கு உட்படுத்திய போது கி.மு. 490 என்னும் காலம் கிடைத்தது. ஒரேயோர் இடத்துக் கணிப்பைக் கொண்டு எழுத்தின் காலத்தை முடிவு கட்டலாகாது என அறிஞர் சிலர் அன்று கூறினர். அது முறையான எச்சரிக்கையே. பின்னர்க் கொடுமணலும், 2019இல் வெளிவந்த கீழடி அறிக்கையும் அதே வழியிற் சான்று கூட்டின. பொருந்தலின் வாழ்விடப் பகுதியில் கண்ணாடி மணி உருக்கிய உலையின் தடமும் வெளிப்பட்டது. கழகப் புலவர் பொருந்தில் இளங்கீரனார் இவ்வூரினர் எனக் கொள்வாரும் உளர்.

சிச்சேன் இட்சாவின் கூம்படுக்குக் கோயில் எழுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு மேல் முற்பட்டது அந்நெல். இதனைக் கூறுவது மாயா மக்களைத் தாழ்த்துதற்கன்று. அவர்கள் ஒப்பற்ற பேரினத்தார். பழமை பேசி மார்தட்டுவது எளிது. அப்பழமையைப் பிறர் காண வைத்தலே அரிது என்பதற்கே இங்குக் கூறியது. தைப்பூசத்தின்போது நூறாயிரக்கணக்கானோர் இச்சாலை வழியே பழனிக்கு நடந்து செல்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர்க்கு அருகிலேயே தம் முன்னோன் இறந்தோனுக்கு உடன் வைத்த நெல் கிடைத்த செய்தி தெரியாது. அஃது அவர்தம் குற்றமன்று, சொல்வாரில்லாக் குற்றம்.

சொல்வாரில்லாத இடத்தில் பிறர் வைத்த பெயர் வந்து குடியேறும். சமவெளியைத் தாண்டிக் கோடைக்கானலுக்கு ஏறும் ஊர்திகள் இதற்குச் சான்று. வத்தலக்குண்டுச் சாலையினின்று காணத் தெரியும் தலையாற்றருவி வெளியாருக்கு 'எலிவால் அருவி' என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரால் அறிமுகமாகின்றது. மலைமேல் ஏறினால் 'சில்வர் காசுகேடு', 'பில்லர் ராக்சு', 'டால்பின் நோசு', 'கோக்கர்சு வாக்கு' எனப் பலகைதோறும் ஆங்கிலன் நின்று வரவேற்கின்றான். 'பேயின் அடுக்களை' என ஆங்கிலத்தில் பெயர் பெற்றிருந்த பாறைப் பிளவு, 1991இல் வந்த திரைப்படம் ஒன்றின் பெயரால் 'குணா குகை' ஆயிற்று. ஒரு மலையின் நினைவு அயலானுக்கு ஒருமுறையும் திரைக்கு ஒருமுறையுமாக இருமுறை விலைபோயிற்று. மாயா மகன் தோற்றும் தன் சொல்லைக் காத்தான். தமிழன் விடுதலை பெற்றும் தன் சொல்லைக் கைவிட்டான்.

இது வெறும் பெயர்ப் பூசல் என எண்ணுவோர் நீரின் பெயர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுனை, ஊற்று, மடு, கயம், பொய்கை, இலஞ்சி, குட்டை, ஊருணி, கண்மாய் என நீர்நிலைக்குத் தமிழில் உள்ள பெயர்கள் அழகுக்காக அமைந்தவையல்ல. ஒவ்வொன்றும் ஓர் அறிவு. 'கயம்' என்பதே வழக்கிற் 'கசம்' என வழங்கும். உயிர் 'உசிர்' ஆனது போன்ற திரிபு அது. 'அந்தப் பக்கம் போகாதே, அங்கே கசம் இருக்கிறது' என்று ஆற்றங்கரைக் கிழவி ஒருத்தி சொன்னால், மேலே அமைதியாய்த் தோன்றும் நீரின் அடியில் ஆள் நிலைக்காத பள்ளம் உள்ளது என்பது பொருள். அச்சொல்லை அறிந்த ஊர்ச்சிறுவன் அவ்விடத்தில் இறங்கான். கைப்பேசியிற் படம் பார்த்து வந்த வெளியூர் இளைஞனுக்கு அச்சொல்லும் தெரியாது. அதனைச் சொல்லும் ஆளும் அருகில் இல்லை. அவன் பாறையினின்று குதிக்கின்றான். ஆற்றிலும் அருவியிலும் மூழ்கி இளைஞர் இறந்தனர் என்னும் செய்தி வாராத கோடையும் இல்லை, மழைக்காலமும் இல்லை. ஒரு சொல் சாகும்போது அகரமுதலியில் ஒரு வரி மட்டும் சாவதில்லை. சில வேளைகளில் ஒரு தாயின் மகனும் சாகின்றான்.

தமிழ்ப் பெயரிட்டால் வெளிநாட்டார்க்கு விளங்காது, வருவாய் குன்றும் என்று வணிகர் கூறுவர். செனோத்தே என்னும் சொல் எந்த வெளிநாட்டார்க்கு முன்பே விளங்கியிருந்தது? அயற்பெயர்தான் அயலானை ஈர்க்கும் என்பது அடிமை மனத்தின் கணக்கு. அயலான் தன் ஊரில் இல்லாததைத் தேடியே வருகின்றான். அவனுக்கு அவன் மொழியையே திருப்பிக் காட்டுவதில் அவன் பெறுவது யாது?

கூட்டம் பெருகினால் இடங்கள் கெடும் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் மெய்யானது. ஆனால், கூட்டம் இன்றும் வருகின்றது. நெகிழிப் பையும் உடைந்த புட்டியும் அருவிக்கரையிற் கிடக்கின்றன. வழிகாட்டியின்றி வரும் கூட்டம் கெடுக்கும். வழிகாட்டியுடன் வரும் கூட்டமோ கற்கும், கணக்குக்கு உட்படும், காக்கவும் பழகும்.

செய்ய வேண்டுவன பெருஞ்செலவுடையன அல்ல. திண்டுக்கல், விருப்பாட்சி, பொருந்தல் ஆகிய ஊர்களில் படித்து வேலையின்றி இருக்கும் இளைஞர்க்கும் பெண்டிர்க்கும் தொல்லியலும் உள்ளூர் வரலாறும் நீர்க்காப்பும் கற்பித்து, வழிகாட்டிச் சான்று வழங்குதல் வேண்டும். அருவியிலும் ஆற்றிலும் ஆழமறிந்த ஊரார் சிலரை ஊதியத்துடன் காவலமர்த்துதல் வேண்டும்; கட்டணத்தின் ஒரு பகுதி அவ்வூர்க்கே சேர்தல் வேண்டும். பெயர்ப்பலகைகளில் மண்ணின் பெயர் முதலிலும் பெரிதாகவும் நிற்றல் வேண்டும். ஆங்கிலம் அதன்கீழ் நிற்கட்டும். 2023இல் கீழடிக்கு அதன் மண்ணிலேயே அருங்காட்சியகம் எழுந்தது போலப் பொருந்தலுக்கும் சிறியதாயினும் ஒன்று எழுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னர், மாவட்டப் பள்ளிகள் ஆண்டிற்கொருமுறை மாணவரை ஏற்றிச் செல்லும் சுற்றுலா ஊர்தி, ஒரு நாளேனும் பொருந்தலின் பக்கம் திரும்புதல் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று காத்திருத்தலும் வேண்டா. ஒரு தமிழாசிரியர், ஓர் ஊர்ப் பெரியவர், முப்பது மாணவர், ஒரு பேருந்து; முதற்சுற்றுலாவிற்கு இவை போதும். அன்று அப்பிள்ளைகள் பாறைச் சுனையைத் தொட்டுப் பார்ப்பர். கசத்தின் பொருளை அறிந்து அருவியில் குளிப்பர். நெல் கிடைத்த மண்ணின்மேல் நிற்பர். அடுத்த ஆண்டு அவர்களுள் ஒருவனோ ஒருத்தியோ பிறர்க்கு வழிகாட்டியாவர். வரலாற்றைக் காக்கும் முதற்காவல் மதிற்சுவரன்று. அதனைத் தன் மொழியிற் சொல்லத் தெரிந்த நாவேயாம்.