மேசை இல்லாதவனுக்கு டைம்டேபிள்

"எட்டு மணி நேரம் தூங்கு. சன்னலோரம் மேசை போட்டுப் படி. காலையில மூச்சுப் பயிற்சி பண்ணு. பரீட்சை பயம் ஓடிப் போயிடும்." தேர்வு நெருங்கினால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வந்து இப்படிச் சொல்லிட்டுப் போறாங்க. சரிங்க ஐயா, எந்தச் சன்னல்? ஒரே அறை. அதுலயே அடுப்பு, அதுலயே ஆயாவோட படுக்கை. சேரிப் பிள்ளை எங்கே மேசை போடும்? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிற மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் அப்பனும் ஆத்தாளும் கேரளாவிலோ கர்நாடகத்திலோ கூலிக்குக் கிடக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு எந்த மூச்சுப் பயிற்சி?

'மன அழுத்தம்' என்கிறார்கள். அழுத்தம் என்றால் அழுத்துகிற கை ஒன்று இருக்கணுமே? கையை மறைத்துவிட்டு மனசுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிற தந்திரம் இது.

2016 ஜனவரி 23. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. சின்னசேலம் பக்கம் பங்காரத்தில் ஒரு தனியார் யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி. மனசுக்கு அமைதி தரும் மருத்துவத்தைக் கற்றுத்தர வேண்டிய இடம்! அங்கே படித்த மூன்று மாணவிகள் செத்துப் போனார்கள். எழுதி வைத்த கடிதத்தில் 'பரீட்சை பயம்' இல்லை. அளவுக்கு மீறிய கட்டணமும் நடக்காத பாடமும்தான் இருந்தன. அதற்கு முன்பே மாணவர்கள் முறையிட்டார்கள், போராடினார்கள். கேட்க நாதியில்லை. மூணு உசுரு போன பிறகுதான் சீல் வைக்க அதிகாரிகளுக்கு வழி தெரிந்தது. அந்தப் பெண்கள் செத்திருக்கக் கூடாது. சாவைத் தியாகமாக்கி நாம் போஸ்டர் ஒட்டவும் கூடாது.

2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்துச் செத்தவர்கள் அறுபதுக்கும் மேல். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்றார்கள். நல்லது, ஏற்கட்டும். ஆனால் ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பிள்ளைக்கு எழுத்தா தெரியும்? மலை மக்களின் நிலை பற்றி உயர்நீதிமன்றம் தானாக வழக்கு எடுக்கவும் இத்தனை பிணம் விழ வேண்டியிருந்தது.

அப்போ படிப்பை விட்டுடலாமா? 'பரீட்சையே ஆதிக்கக்காரன் ஏற்பாடு, தூக்கிப் போடு' என்று பேசுகிற தோழர்களும் நம்மிடம் உண்டு. அப்படிச் சொல்கிற தோழர் பெரும்பாலும் டிகிரி வாங்கினவர்.

நம் பிள்ளைகளிடம் பாபாசாகேப் கதையைச் சொல்கிறார்கள். பம்பாய் பரேலில் ஒற்றை அறை. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுப்பிவிடுவார், பையன் விளக்கடியில் படிப்பான். 'அவர் படிச்சாரே, உனக்கென்ன கேடு?' இப்படித் திருப்புவது அயோக்கியத்தனம். அவர் என்ன செய்தார்? நம் மாணவர்களுக்கு விடுதி திறந்தார். 1945 இல் மக்கள் கல்விக் கழகம், 1946 இல் சித்தார்த்தா கல்லூரி. தான் கண்விழித்தது மாதிரி நீயும் விழி என்று உபதேசம் பண்ணிவிட்டுப் போகவில்லை, இடம் கட்டினார்.

தம்பி, தங்கச்சி, உங்களிடம் ஒன்று. விடிய விடியப் புத்தகத்தை வெறிப்பதில் பலன் குறைவு. ஒரு பக்கம் படி, மூடு, பார்க்காமல் சொல்லு. ரெண்டு நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. நாலு பேராகச் சேருங்க. ஒருத்தர் சொல்லிக் கொடுங்க, சொல்லிக் கொடுக்கிறவருக்குத்தான் பாடம் நிக்கும். கணக்கு வராதவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க. அந்தச் சிரிப்பை வாத்தியாரிடமே நிறைய வாங்கியிருப்பார். சோறு இறங்கல, தூக்கம் வரல, செத்துடலாம்னு தோணுதுன்னா வெக்கப்படாம பக்கத்துல இருக்கிறவரிடம் சொல்லு. 14416க்குப் போன் போட்டாலும் காசில்லாமல் பேசலாம். கவுன்சிலிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடுதியில் விளக்கும் கக்கூஸும் தராமல் கவுன்சிலிங் மட்டும் தருவதைத்தான் கேட்கிறேன்.

படிக்க இடம்? அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை சேரிப் பிள்ளைகளுக்கும் மலைப் பிள்ளைகளுக்கும் திறந்துவிடச் சொல்லி மனு எழுதுங்க. பி.டி.ஓ. ஆபீசுக்கு ஒருத்தராகப் போகாதீங்க, நாப்பது பேராகப் போங்க. சாவி யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்க.