மீடியா ஒஃப்லைன்: டிஸ்க் மாறினாப் படம் எங்க போகுது?

பிரிமியர் ப்ரோவில வேலை செய்த எல்லாருக்கும் அந்தச் சிவப்புத் திரை தெரியும். டைம்லைன் அப்பிடியே இருக்கும். வெட்டின வெட்டு, போட்ட இசை, எழுதின தலைப்பு எல்லாம் அந்தந்த இடத்தில. படம் வர வேண்டிய இடத்தில மட்டும் சிவப்பு. மீடியா ஒஃப்லைன் என்று பல மொழிகளில எழுதியிருக்கும், அதில தமிழ் இல்லை. ஆனாலும் விளங்கும். நெஞ்சு பக்கென்று போகும்.

போன வருசம் நாங்கள் கிண்ணியாப் பாதை பற்றி 12 நிமிச ஆவணப்படம் ஒன்று செய்தோம். வெளியூர் ஆக்களுக்கு ஒரு விளக்கம்: எங்கட பக்கம் பாதை என்றால் ரோட்டு மட்டும் இல்லை. ஆக்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணியைக் கடக்கிற தெப்பத்துக்கும் அதுதான் பெயர். 2009 ஒக்டோபரில 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரைக்கும் இந்தத் துறைமுக ஊரின் இரண்டு கரையையும் இணைச்சது அதுதான். அந்தப் பாதையில வேலை செய்த பெரியவர் ஒருவரை இரண்டு நாள் இருந்து பதிவு செய்தோம். மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட. படத்தில அவர் வாறது நாலு நிமிசம்.

இந்த வருசம் அவர் மௌத்தாகிவிட்டார். நாற்பது கழிஞ்சாப் பிறகு அவருடைய மகள் போன் எடுத்தார். "தம்பி, வாப்பாட வீடியோ முழுசா இருக்குதா? பேரப் பிள்ளையள் கேக்குதுகள்."

இருக்கு ராத்தா, கொண்டு வந்து தாறோம் என்று சொன்னோம். டிஸ்க்கைக் கொழுவினோம். ப்ரொஜெக்டைத் திறந்தோம். சிவப்பு.

விலாசம் மட்டும்தான்

எங்களில கனபேர் இன்னும் பிழையாக விளங்கி வைத்திருக்கிற விசயம் இது. ப்ரொஜெக்ட் பைல் என்பது படம் இல்லை. அதுக்குள்ள ஒரு பிரேம்கூடக் கிடையாது. எந்தப் பைல் எந்த ட்ரைவில, எந்த ஃபோல்டரில இருக்கு, அதில எந்த செக்கனில இருந்து எந்த செக்கன் வரைக்கும் எடுக்க வேணும் என்கிற விலாசங்களும் குறிப்புகளும்தான் அதில இருக்கு. அதனாலதான் நூறு ஜிபி படத்துக்குரிய ப்ரொஜெக்ட் ஒரு சின்னப் பென் ட்ரைவுக்குள்ள அடங்குது. அதைக் கையில கொண்டு போகும்போது படத்தையே கொண்டு போற மாதிரி ஒரு நினைப்பு வரும். உண்மையில நாங்கள் கொண்டு போறது விலாசக் கொப்பியை.

ஒரு லப்டொப்பில ஈ ட்ரைவாக இருந்த டிஸ்க் இன்னொன்றில கொழுவினால் எஃப் ஆகிவிடும். வீடு அதேதான், வீட்டு நம்பர் மாறிவிட்டது. இது லேசான வருத்தம். லிங்க் மீடியா பெட்டி வந்து நிற்கும். லொகேட் கொடுத்து ஒரு பைலைக் காட்டினால், ஃபோல்டர் அமைப்பு மாறாமல் இருந்தால், மிச்சத்தை மென்பொருளே தேடிச் சேர்த்துக்கொள்ளும். ஐந்து நிமிச வேலை.

எங்கட வருத்தம் அந்த அளவில நிற்கவில்லை. உவர்மலையில ஒரு நண்பரின் லப்டொப், உட்துறைமுக வீதியில இன்னொருவர் வீட்டுக் கொம்பியூட்டர், படிக்கிற இடத்தில ஒரு லேப் என்று மூன்று இடத்தில வேலை செய்திருந்தோம். அங்கங்கே அவசரத்துக்கு டெஸ்க்டொப்பில கொப்பி பண்ணி, அங்கங்கே பெயரையும் மாற்றியிருக்கிறோம். கமரா ஒவ்வொரு முறையும் கார்ட்டை ஃபோர்மட் பண்ணினாப் பிறகு சீ-0001 என்றுதான் திரும்பத் தொடங்கும். ஆகவே ஒரே பெயரில இரண்டு, மூன்று பைல். மென்பொருளுக்குப் பெயர்தான் தெரியும், ஆளைத் தெரியாது. அது ஒரு பைலைப் பிடித்து ஒட்டிவிட்டது. அந்தப் பெரியவர் பாதை இழுத்த கதை சொல்லுகிற இடத்தில, டச்சுக்குடாக் கடற்கரையில பெடியன்கள் பந்தடிக்கிறாங்க. சிரிச்சோம். பிறகு சிரிப்பு வரவில்லை.

கீழே போட்ட எழுத்தும் குழம்பியிருந்தது. பாதித் தலைப்புகளை பாமினியில அடிச்சிருந்தோம். அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. மிச்சம் யூனிகோட். அங்கே எழுத்துரு இருந்தும், பிரிமியரின் செட்டிங்ஸில தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு போடப்படாததால கொம்பும் காலும் இடம் மாறி நின்றது. இடம் மாறினால் தொலையிறது படம் மட்டும் இல்லை, எழுத்தும்தான்.

கடைசியில கணக்குப் பார்த்தால் இரண்டாவது நாள் பதிவு எங்கேயும் இல்லை. அது லேப் கொம்பியூட்டரின் டெஸ்க்டொப்பில மட்டும் இருந்திருக்கு. செமஸ்டர் முடிய எல்லாத்தையும் துடைச்சுப் புதுசாப் போட்டுவிட்டார்கள். அது அவர்களுடைய வழக்கமான வேலை, அதில குறை சொல்ல ஒன்றும் இல்லை. கார்ட்டை நாங்களே எப்பவோ ஃபோர்மட் பண்ணி அடுத்த கலியாண வீட்டுக்குக் கொண்டு போய்விட்டோம்.

"அதுதான் யூடியூப்பில இருக்கே"

இதைக் கதைக்கும்போது எங்கட குழுவுக்குள்ளேயே ஒரு பதில் வந்தது. படம் வெளியாகிவிட்டது, யூடியூப்பில இருக்கு, பிறகென்ன? இதோடதான் எங்களுக்கு முரண்பாடு.

யூடியூப்பில இருக்கிறது எங்கட தெரிவு. அந்த மனிசன் மூன்று மணித்தியாலம் சொன்னதில எங்கட கதைக்குத் தோதான நாலு நிமிசம். பாதை ஓட்டின ஆக்களின் சம்பளம், காற்று மாறினால் என்ன செய்வது, இரவில வருத்தக்காரரை எப்பிடிக் கடத்தினது எல்லாம் வெட்டுப்பட்டது. 12 நிமிசத்துக்குள்ள அடங்காதது மட்டும்தான் அதுகளின் குற்றம். நாளைக்கு வேறொருவர் வேறொரு கேள்வியோட வந்தால் அவருக்குத் தேவைப்படுவது அந்த வெட்டுப்பட்ட பகுதிதான். யூடியூப் எங்கட பைலைத் திரும்பவும் சுருக்கித்தான் வைக்குது. அதில இருந்து மூலத்தை மீட்க முடியாது.

இன்னொரு பதில்: "நாங்க கலைப்பீடம், டெக்னீசியன் வேலை எங்களுக்கு எதுக்கு?" உண்மையில கலைப்பீடக்காரருக்குத்தான் இது நல்லா விளங்க வேணும். முதலாம் வருசத்தில இருந்து சுவடி, பாடபேதம், பதிப்பு என்று படிக்கிறோம். சிறுப்பிட்டியில பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சுக்குக் கொண்டு வந்தபோது என்ன செய்தார்? பல இடத்து ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த ஓலை எந்த இடத்துக்குரியது என்று பார்த்துச் சேர்த்தார். லிங்க் மீடியா பெட்டிக்கு முன்னால நாங்கள் இருந்து செய்யிறதும் அந்த வேலைதான். ஒரு வித்தியாசம், அவருடைய ஏடுகளைச் செல் அரிச்சது. எங்கட ஏட்டை நாங்களே ஃபோர்மட் பண்ணினோம்.

இலங்கைச் சினிமா இந்தப் பாடத்தைப் பெரிய விலை கொடுத்துப் படிச்சது. 1983 ஜூலைக் கலவரத்தில ஹெந்தளையில கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை எரிச்சபோது அங்கே இருந்த படச்சுருள்களும் சேர்ந்து எரிஞ்சது. மூலம் ஒரே இடத்தில இருந்தால் அந்த இடத்துக்கு வாறது மூலத்துக்கும் வரும். மற்றப் பக்கம் ஒரு கதை: 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில ஒரு பிழையான கட்டளையால டோய் ஸ்டோரி 2 படத்தின் பெரும்பகுதி அழிஞ்சது. பெக்கப் எடுத்துப் பார்த்தால் அதுவும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை. படத்தைக் காப்பாற்றினது, பிள்ளை பெற்று வீட்டில இருந்து வேலை செய்த கேலின் சூஸ்மன் என்ற பெண்ணின் வீட்டுக் கொம்பியூட்டரில கிடந்த கொப்பி. அந்தக் கொம்பியூட்டரைப் போர்வையால சுற்றிக் காரில ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அவ்வளவு பெரிய கொம்பனிக்கும் கடைசியில கைகொடுத்தது வேறொரு வீட்டில இருந்த கொப்பிதான்.

செய்யக்கூடியது

காசு இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். 2022இல் ரூபா விழுந்தாப் பிறகு ஹார்ட் டிஸ்க் வாங்கிறது லேசான காரியம் இல்லை. ஆனால் இதில பாதி காசில்லாமல் செய்யக்கூடியது.

ஒரு படத்துக்கு ஒரு ஃபோல்டர். கமரா, ஒலி, இசை, எழுத்துரு, ப்ரொஜெக்ட் எல்லாம் அதுக்குள்ள. டெஸ்க்டொப்பில ஒன்றும் வைக்கக்கூடாது. எழுத்துரு பைலையும் சேர்த்து வைக்க வேணும். தலைப்பை யூனிகோடிலேயே அடிக்க வேணும்.

கார்ட்டை இறக்கும்போதே திகதி, இடம், கார்ட் நம்பர் போட்டுத் தனி ஃபோல்டர். பெயர் மாற்றுறதென்றால் வெட்டத் தொடங்க முன்னம் மாற்ற வேணும். தொடங்கினாப் பிறகு தொடக்கூடாது.

டிஸ்க்கை எக்ஸ்ஃபெட்டில ஃபோர்மட் பண்ணினால் விண்டோஸிலயும் மெக்கிலயும் எழுதலாம். பழைய ஃபெட்-32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது. என்டிஎஃப்எஸ் என்றால் மெக் வாசிக்கும், எழுதாது.

வேறு கொம்பியூட்டருக்குப் போகும்போது ப்ரொஜெக்ட் பைலை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. பிரிமியரில ப்ரொஜெக்ட் மெனேஜருக்குள்ள கலெக்ட் ஃபைல்ஸ் இருக்கு. பாவிக்காத கிளிப்பை விலக்குகிற இடத்தில சரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெட்டுப்பட்ட வாழ்க்கையெல்லாம் அங்கேயே நிற்கும். டாவின்சி ரிசோல்வில சாதாரணமாக எக்ஸ்போர்ட் பண்ணினால் எடிட் மட்டும்தான் வரும். ப்ரொஜெக்ட் ஆர்கைவ் என்று கொடுத்தால்தான் மீடியாவும் சேர்ந்து வரும். இலவச மென்பொருளான கேடென்லைவிலயும் ஆர்கைவ் வசதி இருக்கு.

மூன்று கொப்பி, இரண்டு விதமான சாதனம், அதில ஒன்று வேறொரு இடத்தில. உலகம் முழுக்கச் சொல்லுகிற விதி இது. எங்கட ஊருக்கு ஒரு திருத்தம்: ஒன்று கடற்கரையில இருந்தால் மற்றது உவர்மலை மாதிரி மேட்டு நிலத்தில இருக்கட்டும். 2004 டிசம்பர் 26இல் அல்பங்களைக் கடலுக்குக் கொடுத்த வீடுகள் எங்கட ஊரில இருக்கு, அங்கே கேட்டால் காரணம் சொல்லுவாங்க.

நேரம் இல்லை என்று சொல்ல வேண்டாம். செக்கனுக்கு 50 மெகாபிட்டில எடுத்த மூன்று மணித்தியாலம் 67.5 ஜிபி. பழைய யூஎஸ்பி 2.0இலேயே செக்கனுக்கு 30 மெகாபைட் படி போனால் 40 நிமிசத்துக்குள்ள முடியும். கொத்து ரொட்டி ஒன்று சாப்பிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்.

இது எல்லாத்தையும்விட முக்கியமானது, கதைச்சவருக்கு ஒரு கொப்பி. இனி நாங்கள் யாரைப் பதிவு செய்தாலும், படம் முடியிறதுக்கு முன்னமே அவருடைய முழுப் பதிவையும் அவருடைய வீட்டுக்குக் கொடுக்க வேணும் என்பது எங்கட நிலைப்பாடு. அது அவருடைய குரல், நாங்கள் கொஞ்ச நாள் வாங்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான். அந்த மகளிடம் ஒரு கொப்பி இருந்திருந்தால் அவ எங்களுக்குப் போன் எடுத்திருக்கத் தேவையில்லை. நாங்கள்தான் அவவுக்குப் போன் எடுத்திருப்போம். குடும்பம் சம்மதித்தால் நூலக நிறுவனத்தின் ஆவணகம் மாதிரி இடங்களுக்கும் கொடுக்கலாம்.

கடைசியில கிடைச்சது என்ன என்று கேட்பீங்க. முதல் நாள் பதிவு முழுக்க இருக்கு. இரண்டாவது நாளுக்கு, ஒலிப்பதிவுக் கருவியின் கார்ட்டை ஒருத்தரும் துடைக்கவில்லை, குரல் மட்டும் இருந்தது. பென் ட்ரைவில போட்டுக்கொண்டு பாலத்தால கிண்ணியாவுக்குப் போனோம். அவ கேட்டுக்கொண்டே இருந்தா. பிறகு, "இதுல வாப்பாட முகம் வராதா தம்பி?" என்று கேட்டா. இரண்டாவது நாள்தான் அவர் கரையில நின்று, கயிறு இழுக்கிற மாதிரி கையைக் காட்டி விளங்கப்படுத்தினவர். அதை நாங்கள் சொல்லவில்லை.

வாற சந்திப்புக்கு எல்லாரும் கையில இருக்கிற டிஸ்க், பழைய கார்ட், உடைஞ்ச போன் எல்லாத்தையும் கொண்டு வாங்கோ. அடுத்த படம் பற்றிப் பிறகு கதைப்போம். முதல்ல இருக்கிறதை எண்ணுவோம்.