சாவியைத் திருப்பாதீர்கள்

திருவனந்தபுரத்தில் பெருமழை பெய்தால் நீர் தேங்கும் இடங்களில் தம்பானூர் முதன்மையானது. ரயில் நிலையத்தின் அடியிலேயே ஆமையிழஞ்சான் கால்வாய் ஓடுகிறது; அது அடைபட்டால் சாலை குளமாகும். 2015இல் ‘ஆபரேஷன் அனந்தா’ என்ற பெயரில் வடிகால்களைச் சீர்செய்தார்கள். ஆயினும் கவலை முற்றிலும் தீரவில்லை. நிலையத்தருகே காரை நிறுத்திவிட்டு வெளியூர் சென்று திரும்புவோர், நீரில் நிற்கும் வண்டியைக் கண்டதும் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்துதான் பார்ப்பார்கள்.

நல்ல பணிமனையின் அருமை அப்போதுதான் தெரியும். "சாவியைத் திருப்பாதீர்கள், வண்டியை இழுத்துவர ஆள் அனுப்புகிறோம்" என்று தொலைபேசியிலேயே தடுப்பவர் நம்பிக்கைக்குரியவர். காற்றுக் குழாய் வழியே எஞ்சினுக்குள் புகுந்த நீர், காற்றைப்போல் அழுத்தத்துக்குச் சுருங்காது. ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். அந்தச் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்புக்கென்று கூடுதல் பிரீமியம் செலுத்தியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லால் வாடிக்கையாளரின் பணம் தப்புகிறது. சொன்னவருக்கோ பெரிய வேலையொன்று கைநழுவுகிறது. என் மதிப்பில் சேவை என்பது இதுவே. குளிரூட்டிய வரவேற்பறையும் காபியும் பிறகுதான்.

கார் கடன் வாங்கும்போது கால் சதவீத வட்டிக்கும் விளக்கம் கேட்பவர்கள், பணிமனையில் எழுத்துமூலமான மதிப்பீடு கேட்கக் கூச்சப்படுகிறார்கள்! கூடுதல் வேலைக்கு முன்னதாக ஒப்புதல் பெறுவதும், கழற்றிய பாகங்களைக் காட்டுவதும், காப்பீட்டு சர்வேயர் பார்வையிடும்வரை எஞ்சினைப் பிரிக்காதிருப்பதும் நல்ல பணிமனைகளில் கேட்காமலே நடப்பவை.