குறையில்லை என்றால் நிறைவா?

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் திரண்டு வரும். அவ்வூரிலிருந்து பள்ளிக்கு வரும் நாங்கள், ஆண்டுதோறும் மலையடிவாரத்தில் காணும் பெரியம்மா ஒருவரைச் சென்ற புரட்டாசியில் காணவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வருகிறார் என்று அறிந்து, வீட்டிற்குச் சென்று பார்த்தோம்.

“ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனிக்கிறார்களா பெரியம்மா?” என்று கேட்டோம்.

“ஒரு குறையும் இல்ல தாயி. நல்லாத்தான் பாக்காக” என்றார்.

சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்த பிறகுதான் மற்றது வெளிவந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தபோது, முடி காணிக்கை நேர்ந்து மறந்துபோனதற்குத் தெய்வம் தந்த தண்டனை என்று எண்ணி, பல இரவுகள் அழுதாராம். அது மருந்தின் விளைவு என்பதையும், சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் முடி மீண்டும் வளரும் என்பதையும் அவருக்கு எவரும் சொல்லவில்லை.

“கேட்டிருக்கலாமே?” என்றோம்.

“எனக்குப் பின்னால அம்புட்டுப் பேரு நிக்காக. நான் என்னத்தக் கேக்க?” என்றார்.

அன்புத் தோழியரே! நோயாளி “குறையில்லை” என்று சொல்வதை நிறைவு என்று கொள்ளலாமா? கூடாது என்பதே எங்கள் கருத்து. ஏழை நோயாளி நன்றியால் அப்படிச் சொல்லலாம். மீண்டும் அதே மருத்துவரிடம் போக வேண்டுமே என்ற அச்சத்தாலும் சொல்லலாம். இதைவிட நல்ல கவனிப்பு உண்டு என்று அறியாமலும் சொல்லலாம். ஆகவே, “திருப்தியா?” என்று மட்டும் கேட்பது போதாது. உங்கள் நோய் என்னவென்று சொன்னார்களா? மருந்தின் விளைவுகளை விளக்கினார்களா? வலி இருக்கிறதா என்று விசாரித்தார்களா? இரவில் காய்ச்சல் கண்டால் யாரிடம் செல்ல வேண்டும் என்று கூறினார்களா? இப்படிக் கேட்டால்தான் உண்மை வெளிப்படும்.

மருத்துவர்களைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. ஒரு காலை வேளையில் அவர்கள் பார்க்க வேண்டிய கூட்டம் பெரிது. எனினும் நம் நாட்டிலேயே நல்வழி காட்டியோர் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று அங்கிருந்தவை 12 படுக்கைகளே. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா, 2021-இல் மறையும்வரை அந்த நிறுவனத்தையே தம் இல்லமாகக் கொண்டு, ஏழை நோயாளிகளுக்காக உழைத்தார். 2005-இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. இன்று நம் விருதுநகரிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்போருக்கு வீட்டிலேயே வலி தணிக்கும் கவனிப்பும் கிடைக்கிறது. கட்டடமும் கருவியும் திட்டமும் பெருகுவது நன்று. அவற்றோடு ஐந்து நிமிடப் பேச்சும் சேர வேண்டும்.

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிருந்து பணி செய்பவரையும் நான்காவதாக வைக்கிறார். அந்த நான்காம் இடம் நமக்கு உரியது அல்லவா? எழுதப் படிக்கக் கற்ற நாம், வீட்டிலோ தெருவிலோ நோயுற்றவர் இருந்தால், அவர் மனத்திலுள்ள கேள்விகளைக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். மருத்துவர் சொன்ன விடைகளைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டலாம்.

பெரியம்மா அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது, எங்களில் ஒருத்தி நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்த ஐந்து கேள்விகளையும் கொண்டு சென்றார். மருத்துவர் அதை வாங்கிப் படித்து, ஐந்துக்கும் பொறுமையாக விடை சொன்னாராம். அன்று மாலை பெரியம்மா “குறையில்லை” என்று சொல்லவில்லை. “இப்பத்தான் தாயி வெளங்குச்சு” என்றார்.

அந்தச் சொல்லே நிறைவு. அதை ஒவ்வொரு நோயாளியும் சொல்லும் நாளுக்காக நாம் உழைப்போமாக!