படகுப் பதிவு பற்றி ஒரு பதிவு

தலைப்பைப் பார்த்துவிட்டு, "இவன் எப்போது படகு வாங்குகிற அளவுக்குப் பெரிய ஆள் ஆனான்?" என்று யாரும் பதற வேண்டாம். நானும் அறை நண்பர்கள் மூன்று பேரும் ஆளுக்கு 225 டாலர் போட்டு வாங்கிய பழைய அலுமினியப் படகு அது. 14 அடி நீளம், பின்னால் 15 எச்.பி. மோட்டார். ஃப்ளோரிடாவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரிதான், அதனால் வந்த ஆசை. (ஏரியில் முதலையும் உண்டு. அதை மட்டும் அம்மாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள் :-))

படகு வீட்டு வாசலுக்கு வந்த அன்றே சண்டை ஆரம்பித்துவிட்டது. மதுரைக்கார நண்பன் சொன்னான்: "டேய், ஏரி ஓரமா நாலு மீன் பிடிச்சிட்டு வரப் போறோம். யாரு மச்சான் பார்க்கப் போறா? இதுக்கு எதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன், டாக்ஸ், அது இதுன்னு தண்டம்?" மற்ற இருவரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் பதிவு செய்யாமல் ஏற மாட்டேன் என்றேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தத் "தண்டம்" எவ்வளவு என்று பார்ப்போம்.

ஃப்ளோரிடாவில் மோட்டார் வைத்த படகு எதுவானாலும், பொதுத் தண்ணீரில் ஓட்ட வேண்டுமென்றால் பதிவு கட்டாயம். துடுப்பு மட்டும் போடும் கேனோ, கயாக் மாதிரியானவற்றுக்கு விலக்கு உண்டு. வாங்கிய 30 நாளுக்குள் கவுன்ட்டியின் வரி வசூல் அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். அதுவரை, எந்தத் தேதியில் வாங்கினோம் என்பதற்கான ரசீதைப் படகிலேயே வைத்துக்கொண்டு ஓட்டலாம்.

கையில் இருக்க வேண்டியவை: விற்றவர் கையெழுத்துப் போட்ட டைட்டில் (வீட்டுக்குப் பத்திரம் மாதிரி படகுக்கு இது), விற்பனை ரசீது, நிரப்பிய விண்ணப்பம், அடையாள அட்டை. படகின் பின்பக்கம் வலது மேல் மூலையில் 12 எழுத்தும் எண்ணும் கலந்த ஓர் அடையாள எண் பொறித்திருக்கும். 1972-க்குப் பிறகு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த படகுகளுக்கெல்லாம் இது உண்டு. அதுவும் டைட்டிலில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் யாரோ திருடிய படகுக்கு நீங்கள் பணம் கொடுத்தவராகிவிடுவீர்கள்.

இப்போது செலவு. ஆண்டுக் கட்டணம் படகின் நீளத்தைப் பொறுத்தது:

12 அடிக்குக் கீழே: 5.50 டாலர்
12 முதல் 16 அடிக்குள்: 16.25 டாலர்
16 முதல் 26 அடிக்குள்: 28.75 டாலர்
26 முதல் 40 அடிக்குள்: 78.25 டாலர்
40 முதல் 65 அடிக்குள்: 127.75 டாலர்
65 முதல் 110 அடிக்குள்: 152.75 டாலர்
110 அடியும் அதற்கு மேலும்: 189.75 டாலர்

இதற்கு மேல் சில டாலர் சேவைக் கட்டணம், சில கவுன்ட்டிகளில் உள்ளூர்க் கட்டணம், டைட்டில் மாற்ற ஒற்றை இலக்கத்தில் ஒரு தொகை. உண்மையான செலவு விற்பனை வரிதான். விலையில் 6 சதவீதம், கூடவே பல கவுன்ட்டிகளில் ஒரு கூடுதல் வரி. எங்கள் 900 டாலருக்கு 6 சதவீதம் என்றால் 54 டாலர். (கோடீஸ்வரர்களுக்கு ஒரு சலுகை: எவ்வளவு பெரிய சொகுசுப் படகானாலும் இந்த வரி 18,000 டாலரைத் தாண்டாது. இதைப் பற்றித் தனியாகத் திட்ட வேண்டும்.) டிரெய்லருக்கு நம்பர் பிளேட் வாங்கியது தனிக்கணக்கு. படகுக்கு மட்டும் என்று பார்த்தால் எல்லாம் சேர்த்து நூறு டாலருக்குள் முடிந்தது. ஆளுக்கு 25 டாலர் கூட இல்லை. நாலு பேர் ஒரு முறை பிரியாணி சாப்பிடப் போனால் ஆகிற செலவு.

பணம் கட்டியதும் சான்றிதழும் ஒரு ஸ்டிக்கரும் தருவார்கள். எஃப்.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணைப் படகின் முன்பகுதியில் இரண்டு பக்கமும், குறைந்தது 3 அங்குல உயரத்தில், படகின் நிறத்திலிருந்து பளிச்சென்று தெரிகிற நிறத்தில் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் இடது பக்கம். சான்றிதழ் படகில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றைக் கவனித்தீர்களா? இத்தனையிலும் யாரும் எங்கள் படகை வந்து பார்க்கவே இல்லை. ஓட்டை இருக்கிறதா, மோட்டார் ஓடுமா என்று ஒரு கேள்வி கிடையாது. பதிவு என்பது பாதுகாப்புச் சான்று அல்ல. பாதுகாப்புக்கு வேறு விதிகள்: இந்த மாதிரி சிறிய படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை ஏற்றலாம் என்று தகடு இருக்கும். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். 1988 ஜனவரி 1 அன்றோ அதன் பிறகோ பிறந்தவர்கள் 10 எச்.பி.யும் அதற்கு மேலும் உள்ள படகை ஓட்ட, பாதுகாப்புப் பாடம் படித்து அட்டை வாங்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றினால் கடலோரக் காவல் படையின் சோதனைச் சான்றிதழ் வேண்டும்.

அப்படியானால் பதிவு எதற்கு? இந்தப் படகுக்கு ஒரு ஆள் பொறுப்பு என்று எழுதி வைப்பதற்கு. படகு கவிழ்ந்து கிடந்தால் யாரைத் தேடுவது, மோதிவிட்டு ஓடினால் யாரைப் பிடிப்பது, பாழடைந்து ஏரியில் மூழ்கினால் யாரிடம் செலவை வாங்குவது? அந்த நம்பர்தான் பதில்.

இனி என் காரணம். எனக்குப் பொன்னேரி. எங்கள் ஊரிலிருந்து பழவேற்காடு பஸ்ஸில் போய்விடும் தூரம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து, சுற்றிப் பார்க்க வந்த 22 பேர் இறந்து போனார்கள். நான் அப்போது நாலாம் வகுப்பு. அதற்கு முந்தைய வருடம் அதே மாதிரி ஒரு படகில் அப்பா, அம்மா, தங்கையோடு நானும் போயிருக்கிறேன். லைஃப் ஜாக்கெட் இல்லை. எத்தனை பேர் ஏறலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. செய்தி வந்த அன்று அப்பா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. ஆறு, ஏரி, காயலில் ஓடும் கலங்களுக்கு 1917-லேயே சட்டம் உண்டு. அதற்குப் பதிலாக வந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2022 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சர்வேயர் சோதித்துச் சான்று தர வேண்டும், பிறகு பதிவு, நம்பர், காப்பீடு எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்தால் நாடு முழுக்கச் செல்லும். ஆனாலும் 2023 மே 7 அன்று கேரளாவின் தானூரில், மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றி அளவுக்கு மேல் ஆளேற்றியதில் மறுபடியும் 22 உயிர்.

"அப்போ நம்பர் ஒட்டினா யாரும் சாக மாட்டாங்களா?" என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தது அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகில்தான். நம்பர் மட்டும் யாரையும் காப்பாற்றாது. ஆனால் நம்பரே இல்லாத படகை யார் சோதிப்பார்கள்? கணக்கிலேயே இல்லாத படகுக்கு லைஃப் ஜாக்கெட் எத்தனை என்று யார் போய்க் கேட்பது?

என் கட்சி இதுதான்: பதிவு மலிவாகவும் எளிதாகவும் இருக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் சுமார் பத்து லட்சம் படகுகள் பதிவில் இருப்பதற்கு, அங்கே எல்லோரும் உத்தமர்கள் என்பது காரணமல்ல. ஒரே கவுன்ட்டர், 16 டாலர், அரை மணி நேரம் என்றால் ஏமாற்றுவதுதான் அதிக வேலை! மீன் கிடைக்காத நாளில் நாலு பேரை ஏற்றிக் காசு பார்க்கும் பழவேற்காட்டு அண்ணனை நாலு அலுவலகத்துக்கு அலைய விட்டால் அவர் பதிவு செய்ய மாட்டார். தடை போட்டால் ஒளிந்து ஓட்டுவார். அவர் ஊரிலேயே வருடத்துக்கு ஒரு நாள் முகாம் போட்டு, படகைச் சோதித்து, சின்னக் கட்டணத்தில் நம்பரும் "இத்தனை பேர்தான்" என்ற பலகையும் கொடுங்கள். அதன் பிறகும் மீறினால் கடுமையாக நடவடிக்கை எடுங்கள்.

நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்த முறை எந்த ஊரில் படகில் ஏறினாலும் நம்பர் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம், லைஃப் ஜாக்கெட் எங்கே என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் கரையிலேயே சுண்டல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

பி.கு.: மதுரைக்காரன்தான் கடைசியில் நம்பர் ஒட்டினான். ஸ்டிக்கரை வலது பக்கம் ஒட்டிவிட்டு, உரித்து எடுக்க அரை நாள் போராடினான். "பதிவு செய்யாமலே இருந்திருக்கலாம்" என்று இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் லைஃப் ஜாக்கெட்டை முதலில் எடுத்து மாட்டுவது அவன்தான் :-)